இரண்டு மணி இடைவேளை

விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில்
திருமண நிலை என்று ஒரு வரி,
அதன் பக்கத்தில் இரண்டே கட்டங்கள்.
ஆறு வருடத்தை எதற்குள் வைப்பது என்று
யாரிடம் கேட்க?
ஆகவில்லை என்பதில் குறியிட்டேன்.
ஆகாதவர்களுக்கு ஓரறை வீடு தருவார்களாம்
அல்மாத்தியில், பள்ளிக்குப் பின்னால், ஐந்தாம் மாடி.

குகனேசனிடம் சொன்னேன்.
ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தபடி
"கூட்டுற வேலை மிச்சம்" என்றான்.
இரவெல்லாம் போட்டிருந்த முகக்கவசத்தின் கோடு
கன்னத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது.

ரெலாவ் சாலையோரக் கடையில்
ஏழு இருபதிலிருந்து ஏழரை வரை நாங்கள்.
அவனுக்கு இராச்சாப்பாடு,
எனக்குப் பசியாறல்.
அவன் பாயான் லெப்பாஸில் இயந்திரங்களோடு விழித்திருந்துவிட்டு
தூங்கப் போகிறவன்.
நான் எட்டு மணிக்குக் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டியவள்.
எங்கள் காதலில் பெரும்பங்கு
அந்தத் தகர மேசையில்தான் நடந்தது.
தேத்தண்ணி இழுக்கிறவருக்கு
எங்கள் எல்லாச் சமாதானங்களும் தெரியும்.

ஜெலுத்தோங் பண்டல் கடையில்
முப்பது வெள்ளிக்கு ஒரு குளிர்கோட்டு.
யாரோ எங்கோ உடுத்திக் கழித்தது.
மத்தியான வெயிலில் அதை மாட்டிக்கொண்டு
கடைக்கு வெளியே நின்றான் அவன், என்னைவிட முன்னால்.
"காத்து புகலை, எடுத்துக்கோ."
வேர்வை புருவத்திலிருந்து சொட்டியது.
பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு சீனக் கிழவர்
வாய்விட்டுச் சிரித்தார்.

ஞாயிறுகளில் மாதிரிப் பாடம்.
இருபடிச் சமன்பாட்டை மெதுவான ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினேன்.
வாக்கியத்தின் வாலில் நான் 'லா' ஒட்டும்போதெல்லாம்
ஒரு கச்சான் கொட்டையை மேசையில் வைப்பான்.
முதல் வாரம் பதினான்கு.
மூன்றாம் வாரம் நான்கு.
நான்காம் வாரம் வைக்க மறந்து
தின்றுகொண்டே கேட்டான்.
x-ஐ ஏன் எப்போதும் தனியாக்க வேண்டும் என்றான்.
விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பான்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து அம்மா:
"பதிவாச்சும் பண்ணிட்டுப் போயேன்."
பேசிப் பார்த்தோம்.
ஓரறையை ஈரறையாக்கக் கையெழுத்துப் போடுவதில்
இருவருக்குமே வெட்கமாக இருந்தது.
வேறு காரணத்துக்காகப் போடுவோம், போடாமலும் போவோம்;
அது விமானச் சீட்டோடு சேர்ந்து வர வேண்டியதில்லை.

நன்னடத்தைச் சான்றிதழுக்குப் போன நாளில்
அவன் வருவதாகச் சொல்லி வரவில்லை.
தூங்கிவிட்டானாம்.
மறுநாள் மேசையில் ஏசினேன்.
தேத்தண்ணிக் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"நீ போறதுக்கு நானே வந்து வரிசையில நிக்கணுமா?"
மீதி ஏழு நிமிடம் இருந்தது.
இருவரும் அதைச் செலவழிக்கவில்லை.
ரொட்டி அப்படியே கிடந்தது.

அதன்பிறகு மூன்று நாள் அவனுக்கு விடுமுறை.
நான் கூப்பிடவில்லை, அவனும்.
பெட்டியை எடை போட்டேன், இறக்கினேன்,
கணக்குப் புத்தகத்தை வெளியே வைத்தேன்,
திரும்ப உள்ளே வைத்தேன்.
கோட்டை மடிக்கும்போது பையிலிருந்து
கச்சான் தோல் உதிர்ந்தது.

இன்று விடியலில் எழுந்தால் அவனிடமிருந்து ஒரு செய்தி,
அனுப்பிய நேரம் இரண்டு மூன்று.
அவனுடைய இடைவேளை.

"இங்க ரெண்டு மணின்னா அங்க பதினொண்ணுதான்.
நீ முழிச்சிருப்ப லா."

படுக்கையில் உட்கார்ந்து விரலால் கழித்துப் பார்த்தேன்.
சரிதான், மூன்று மணி பின்னால்.
ஆறு வருடமாக இதே தீவில்,
பதினைந்து நிமிடத் தூரத்தில்,
அவன் கவசத்தைக் கழற்றிக் கஞ்சி குடிக்கும் அந்த நேரத்தில்
ஒரு முறைகூட நான் விழித்திருந்ததில்லை.

மன்னிப்பா அது, கணக்கா, தெரியவில்லை.
நான் கணக்கு டீச்சர், எனக்கே தெரியவில்லை.

பதில் எழுதி, அழித்து, எழுதினேன்.
மணி ஐந்தே முக்கால்.
அவன் கைப்பேசி இப்போது
தொழிற்சாலைப் பெட்டகத்தில் பூட்டியிருக்கும்.
ஏழு இருபதுக்கு
நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.